பின்னின்று காத்த பேராசான்: சையத் அப்துல் ரஹிம்

மலைநாட்டில் சமநிலம் காண்பது அரிது. அட்டன், டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவை எனத் தேயிலை படர்ந்து கிடக்கும் இப்பகுதியில், பந்தாடும் அளவுக்குத் தட்டையான ஒரு நிலம் பாடசாலைக்கு வாய்த்துவிட்டால் அது பெரும்பேறு. அந்நிலத்தின் ஒரு புறம் தேயிலைச் சரிவு, மறுபுறம் பள்ளம். பந்து எல்லை கடந்து உருண்டால் ஒருவன் கீழே இறங்கி அதனைத் தேடியெடுத்து ஏறிவர வேண்டும். அதுவரை ஆட்டம் நின்றுவிடும். மழைக்காலத்தில் நிலம் சேறாகும். பனிக்காலத்தில் பந்தே கண்ணுக்குப் புலப்படாது. இத்தகைய இடங்களிலேதான் நம் பிள்ளைகள் பெரும்பாலும் வெறுங்காலுடன் உதைபந்தாட்டம் பயின்று வருகின்றனர்.

அவர்கள் அணி பிரியும்பொழுது நிகழும் ஒன்றை யான் பல்லாண்டுகளாகக் கண்டு வருகிறேன். முன்னே நின்று கோல் அடிப்பதற்கு எல்லாரும் முந்துவர். பின்னே நின்று காப்பதற்கு ஒருவனும் உடன்படான். ஈற்றில், வயதிற் சிறியவனோ உடல் மெலிந்தவனோ பின்னே தள்ளப்படுவான். காலில் காயம் பட்டவன் கோல் கம்பங்களிடையே நிறுத்தப்படுவான். காத்தல் என்பது ஆற்றல் இல்லாதார்க்கு விதிக்கப்பட்ட தொழில் என்னும் எண்ணம் அவ்விளம் உள்ளங்களில் எவ்வாறோ வேரூன்றிவிட்டது. சென்ற தவணையில் ஒரு மாணவன், தன்னைப் பின்னே நிறுத்தினார்கள் என்பதற்காகவே இரண்டு நாள் பாடசாலைக்கு வாராதிருந்தான். அவன்பொருட்டே இவ்வரலாற்றை எழுத முற்பட்டேன்.

பழந்தமிழ் இலக்கணம் கற்றார்க்கு இவ்வெண்ணம் வியப்பளிக்கும். மதிலை வளைத்துப் போர் செய்வோர்க்கு உழிஞைப் பூவையும், அம்மதிலை உள்ளிருந்து காப்போர்க்கு நொச்சிப் பூவையும் உரிமையாக்கினர் நம் முன்னோர். தொல்காப்பியர் இரு செயல்களையும் உழிஞைத் திணையுள்ளேயே அடக்கினார். பின்வந்த புறப்பொருள் வெண்பாமாலை ஆசிரியரோ நொச்சியைத் தனித் திணையாகவே பிரித்து ஓதினார். ஆகவே, காப்போர்க்கும் பூ உண்டு, துறை உண்டு, பாட்டு உண்டு. படையின் முன்னணிக்குத் தூசி எனவும் பின்னணிக்குக் கூழை எனவும் பெயரிட்ட தமிழர், கூழையை இழிவாக எண்ணினார் அல்லர்.

அந்நொச்சிக் கலையை விளையாட்டுக் களத்தில் ஓர் ஒழுங்காகக் கற்பித்து, அதன் வழியே ஒரு தேசத்தின் அணியை ஆசியாவின் முதலிடத்திற்கு உயர்த்தியவர் ஒருவர் உளர். அவர் படைத்தலைவர் அல்லர், செல்வரும் அல்லர், நம்மைப் போன்ற பள்ளிக்கூட ஆசிரியர். ஹைதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரஹிம் என்பது அவர் பெயர். அமெரிக்கக் கல்லூரிகளில், பெரிதும் கையாற் பந்தேந்தி ஆடும் அந்நாட்டு உதைபந்தாட்டத்திற்கு, காப்பணியைப் பயிற்றுதற்கென்றே தனியொரு பயிற்றுநரை அமர்த்தும் வழக்கம் உண்டு. ரஹிமுக்கு அத்தகைய துணைவர் எவரும் இலர். காத்தலும் தாக்கலும் உடற்பயிற்சியும் உளப்பயிற்சியும் ஆகிய அனைத்தையும் அவரே கற்பித்தார்.

ஆசிரியர் ரஹிம்

ரஹிம் 1909 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 17 ஆம் நாள் ஹைதராபாத்தில் பிறந்தார். அக்காலத்தில் அந்நகர் நிஜாம் மன்னரின் தலைநகர். அங்கே 1918 இல் நிறுவப்பெற்ற உஸ்மானியாப் பல்கலைக்கழகம், ஆங்கிலத்தை விடுத்து உருது மொழியையே பயிற்றுமொழியாகக் கொண்டிருந்தமை, தாய்மொழிக் கல்வியில் நாட்டமுடையார் அனைவரும் அறிந்த செய்தி. அப்பல்கலைக்கழகத்தில் ரஹிம் பயின்று பட்டம் பெற்றார். மாணவராய் இருந்தபோதே சிறந்த ஆட்டக்காரராகவும் விளங்கினார். பின்னர் உள்ளூர்ப் போட்டிகளில் கமர் கழகத்திற்காக ஆடினார்.

பட்டம் பெற்றபின் அவர் மேற்கொண்ட தொழில் ஆசிரியத் தொழிலே. காச்சிகூடா நடுநிலைப் பள்ளி, தாருல் உலூம் உயர்நிலைப் பள்ளி, சாதர்காட் உயர்நிலைப் பள்ளி ஆகியவற்றில் அவர் பணியாற்றினார். உடற்பயிற்சிக் கல்வியிலும் முறையாகப் பயின்று தகுதிச் சான்று பெற்றார். 1943 ஆம் ஆண்டு ஹைதராபாத் உதைபந்தாட்டச் சங்கத்தின் செயலாளராகப் பொறுப்பேற்ற அவர், 1963 இல் மறையும் வரை அப்பொறுப்பினின்று நீங்கவில்லை. இருபது ஆண்டு ஒரே சங்கத்தின் செயலாளராய் இருத்தல் எத்துணைப் பொறுமையை வேண்டி நிற்பது என்பதைச் சங்கங்களில் உழைத்த அன்பர்கள் நன்கு அறிவர்.

அவரை ஹைதராபாத் மக்கள் ரஹிம் சாகிப் என்றே அழைத்தனர். அவருடைய முறைகளை ஆராய்ந்தால், அவை யாவும் வகுப்பறையினின்று களத்திற்குச் சென்றவை என்பது புலனாகும். நல்லாசிரியன் மாணவனுக்கு எளிதில் வருவதை மீண்டும் மீண்டும் செய்யவிட்டு மகிழமாட்டான். அவனுக்கு வாராதது எது என்று கண்டு அதனைப் பழக்குவான். ரஹிம் செய்ததும் அதுவே.

வழங்காத காலுக்கு ஒரு போட்டி

அக்கால இந்திய ஆட்டக்காரர் பலர் பந்தைத் தம் காலிலேயே வைத்துக்கொண்டு எதிரிகளை ஒருவர்பின் ஒருவராக ஏய்த்துச் செல்வதிலே பெருமை கொண்டிருந்தனர். காண்போரும் அதற்கே கைதட்டினர். ஆயின், ஒருவன் தன் திறமையைக் காட்டிக்கொண்டிருக்கும் வேளையில் ஏனைய பதின்மர் வாளா நிற்கின்றனர் என்பதை ரஹிம் கண்டார். அதற்கு அவர் கண்ட மருந்து புதுமையானது. எதிரியை ஏய்த்துச் செல்லுதலையே விலக்கிய போட்டிகளை அவர் நடத்தினார். பந்து வந்தவுடன் அதனைத் தோழனிடம் சேர்த்துவிடல் வேண்டும் என்பதே அவற்றின் விதி. இதனால் ஒவ்வொருவனும் பந்து தன்னிடம் வருமுன்பே, அதனை எங்கே அனுப்புவது எனச் சிந்திக்கப் பழகினான்.

மற்றொன்று, வழங்காத காலுக்கென்றே அவர் வகுத்த போட்டி. வலக்கால் பழக்கமுடையவன் இடக்காலால் மட்டுமே பந்தை உதைத்தல் வேண்டும்; இடக்கால் பழக்கமுடையவன் வலக்காலால் மட்டுமே உதைத்தல் வேண்டும். தொடக்கத்தில் கண்டோர் நகைத்திருப்பர். பேர்பெற்ற ஆட்டக்காரரும் குழந்தை போலத் தடுமாறியிருப்பர். எனினும், சில திங்கள் கழிந்தபின் அவர்களுக்கு இரு கால்களும் ஒன்றுபோல் உதவின. ஒரு பக்கம் மட்டுமே திரும்பத் தெரிந்த காவலனை எதிரி எளிதில் கடந்து போவான். இரு பக்கமும் திரும்பவல்லானைக் கடத்தல் எளிதன்று. ஆதலின், இப்பயிற்சியால் மிகுந்த பயன் பெற்றவர்கள் பின்களத்தாரே எனலாம்.

செய்யுளை ஒப்பிப்பான், ஆயின் உரைநடை நான்கு வரி எழுதான் என்னும்படியான மாணவரை நாம் எல்லாரும் கண்டிருக்கிறோம். அவனைப் பரிசளிப்பு விழாவில் ஒப்பிக்கச் செய்து பெருமை கொள்வதே நமக்கு எளிது. அவனை உட்காரவைத்து எழுதச் செய்தல் கடினம். அதற்குக் கைதட்டுவாரும் இலர். ரஹிம் கைதட்டு இல்லாத இவ்வழியையே தேர்ந்தெடுத்தார்.

நகரப் பொலிஸ் அணி

1950 ஆம் ஆண்டு முதல் அவர் ஹைதராபாத் நகரப் பொலிஸ் அணியின் பயிற்றுநராக விளங்கினார். அவ்வணி வீரர்கள் பொலிஸ் சேவையில் ஊதியம் பெற்றவர்கள். எளிய குடும்பங்களினின்று வந்தவர் பலர். பந்தாட்டமே அவர்களுக்கு வேலையையும் வேளை உணவையும் தந்தது. அவ்வணி பம்பாயில் நடைபெறும் ரோவர்ஸ் கிண்ணத்தை 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் வென்றது. இந்தியாவின் மிகப் பழைய போட்டியாகிய டூரண்ட் கிண்ணத்தை 1950 இலும் பின்னரும் கைப்பற்றியது. அதுகாறும் இந்திய உதைபந்தாட்டம் என்றால் கல்கத்தா என்றே உலகம் எண்ணியிருந்தது. தென்னாட்டு நகரொன்றின் பொலிஸ் அணி அவ்வெண்ணத்தை மாற்றியது. மாநிலங்களுக்கிடையே நடைபெறும் சந்தோஷ் கிண்ணத்தையும் ஹைதராபாத் 1956-57, 1957-58 ஆகிய இரு பருவங்களில் அடுத்தடுத்து வென்றது.

நகர அணியை வளர்த்துக்கொண்டிருந்த அதே காலத்தில் இந்திய தேசிய அணியின் பொறுப்பும் அவரைச் சேர்ந்தது. 1951 ஆம் ஆண்டு மார்ச் மாதம் புதுதில்லியில் முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடைபெற்றன. இந்தோனேசியாவையும் ஆப்கானிஸ்தானையும் மும்மூன்று கோல்களால் வென்ற இந்திய அணி, இறுதியாட்டத்தில் ஈரானை எதிர்த்தது. மேவாலால் அடித்த ஒரே கோல் வெற்றியைத் தந்தது. வரலாற்று நூல்கள் அக்கோலைக் குறித்து வைத்துள்ளன. ஆயின், அப்போட்டித் தொடர் முழுவதிலும் இந்தியாவுக்கெதிராக ஒரு கோலேனும் விழவில்லை என்பதைக் குறிப்போர் சிலரே. முன்னணியார்க்குக் கிடைக்கும் புகழ் பின்னணியார்க்குக் கிடைப்பதில்லை என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

ஹெல்சிங்கி கற்பித்த பாடம்

வெற்றியால் மயங்கியிருந்த காலத்தில் அறிவு புகட்டத் தோல்வி வந்தது. 1952 ஆம் ஆண்டு நம் கொழும்பு மாநகரில் இலங்கை, இந்தியா, பாகிஸ்தான், பர்மா ஆகிய நான்கு நாடுகளும் கொழும்புக் கிண்ணத்திற்காக மோதின. இந்தியாவும் பாகிஸ்தானும் கிண்ணத்தைப் பகிர்ந்துகொண்டன. அவ்வாண்டு ஜூலை மாதத்திலேயே இந்திய அணி பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரில் ஒலிம்பிக் களம் புகுந்தது. எதிர்த்து நின்றது யூகோசிலாவியா. ஆட்டம் முடிந்தபோது யூகோசிலாவியா பத்து, இந்தியா ஒன்று என்பதே முடிவு.

இந்திய வீரர் பலர் வெறுங்காலுடன் ஆடினர். வடநாட்டுக் குளிரிலும் வழுக்கும் நிலத்திலும் அது பெருங்குறையாயிற்று. அதன்பின் சர்வதேச ஆட்டங்களில் காலணி அணிதல் இந்திய வீரர்க்குக் கட்டாயமாக்கப்பட்டது. ஆயின், குறை காலில் மட்டும் இருக்கவில்லை. அணி நிற்கும் முறையிலும் இருந்தது. பின்னே இருவர், நடுவே மூவர், முன்னே ஐவர் என்று நிற்கும் பழைய ஆங்கில முறையே இந்தியாவில் வேரூன்றியிருந்தது. ஐரோப்பாவோ அதனைக் கைவிட்டு நெடுநாளாயிற்று. ஐவர் முன்னே ஓட, இருவர் பின்னே நிற்க, நடுவே திறந்து கிடந்த வாயில் வழியாகவே கோல்கள் விழுந்தன. மதிலுக்கு ஆள் வையாமல் எதிரியின் ஊருக்குப் படையெடுத்த மன்னனின் நிலை அது.

அதே ஹெல்சிங்கியில் பொற்பதக்கம் வென்றது ஹங்கேரி. அடுத்த ஆண்டு நவம்பரில் அது இங்கிலாந்தை அதன் சொந்த மண்ணாகிய வெம்பிளியிலேயே 6-3 என வென்று உலகை வியக்கவைத்தது. ஹங்கேரியின் நடு முன்னணி வீரர் ஹிடேகுட்டி முன்னே நில்லாது பின்வாங்கி நின்று ஆடினார். அவரைப் பின்தொடர்வதா, தம்மிடத்தில் நிற்பதா என்றறியாது எதிரணிக் காவலர் மயங்கினர்.

தோற்ற ஆசிரியன் இருவகையினன். மாணவரைக் கடிந்துவிட்டு அப்பாடத்தையே மறுபடியும் நடத்துபவன் ஒருவன். பாடம் நடத்தும் முறையையே திருத்திக்கொள்பவன் மற்றொருவன். ரஹிம் இரண்டாம் வகையினர். அடுத்த நான்கு ஆண்டுகளில் அவர் இந்திய அணியின் நிலைமுறையை மாற்றியமைத்தார். காவலரின் எண்ணிக்கை கூடிற்று. நடு முன்னணி வீரர் பின்வாங்கி ஆடும் முறையும் புகுந்தது.

மெல்போர்ன்

அம்மாற்றத்தின் பயனை 1956 ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கில் உலகம் கண்டது. ஹங்கேரி அவ்வாண்டு விலகிக்கொண்டமையால் இந்தியா முதற்சுற்றைக் கடந்தது. கால் இறுதியில் போட்டியை நடத்திய ஆஸ்திரேலியாவை 4-2 என வென்றது. நெவில் டிசூசா அவ்வாட்டத்தில் மூன்று கோல்கள் அடித்தார். ஒலிம்பிக் உதைபந்தாட்டத்தில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல்கள் அடித்த முதல் ஆசியர் அவரே. ஒலிம்பிக் அரையிறுதிக்கு முன்னேறிய முதல் ஆசிய அணி என்னும் பெருமையும் இந்தியாவைச் சேர்ந்தது.

அரையிறுதியில் எதிர்த்து நின்றது பழைய பகைவனாகிய யூகோசிலாவியாவே. இம்முறை முதற்கோலை அடித்தது இந்தியா. பின்னர் யூகோசிலாவியா நான்கு கோல்கள் பெற்று வென்றது. மூன்றாமிடத்திற்கான ஆட்டத்தில் பல்கேரியா இந்தியாவை வென்றது. பதக்கம் கிட்டவில்லை, ஆயினும் பத்தாக இருந்த கோல்கள் நான்காகக் குறைந்தன. ஹெல்சிங்கியில் நொறுங்கிய மதில் மெல்போர்னில் நெடுநேரம் நின்றது. நான்காமிடத்தை இகழ்வோர் இவ்விரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தல் வேண்டும்.

1958 ஆம் ஆண்டு பிரேசில் உலகக் கிண்ணத்தை வென்றது. பின்னே நால்வர், நடுவே இருவர், முன்னே நால்வர் என்னும் அதன் அமைப்பு உலகெங்கும் பேசப்பெற்றது. இந்திய அணிக்கு அவ்வமைப்பைக் கற்பித்தவர் ரஹிம். இருவராக இருந்த பின்களம் நால்வராயிற்று. ஆயின், அந்நால்வரும் நின்ற இடத்திலே நின்று பந்தை அப்பால் உதைத்துவிடும் தூண்கள் அல்லர். பந்தைப் பறித்து நடுக்களத் தோழனுக்குச் சேர்ப்பதே அவர்தம் கடமை. காத்தலே தாக்குதலின் தொடக்கம் என்பதே அவர் பாடத்தின் சாரம்.

இரு தமிழ் வீரர்

இவ்விடத்தில் தமிழர் நினைவிற் கொள்ளவேண்டிய இருவரைக் குறிப்பிடல் தகும். ஒருவர் துளசிதாஸ் பலராம். செகந்தராபாத்தை அடுத்த அம்முகூடா என்னும் சிற்றூரில் தமிழ்ப் பெற்றோர்க்கு 1936 இல் பிறந்தவர். வறிய குடும்பம். பழைய பொலிஸ் காலணியைக் கொண்டு செருப்புத் தைப்பவர் ஒருவர் செய்துகொடுத்ததே அவருடைய முதல் ஆட்டக் காலணி என்பர். அவர் ஆற்றலைக் கண்டு தெரிந்தெடுத்தவர் ரஹிம். பயிற்சிக்கு வந்துபோகப் பொருளில்லை என்றறிந்தபோது அதற்கும் அவரே வழிசெய்தார். தோட்டத்து லயத்திலிருந்து மேல்வகுப்புக்கு வரும் பிள்ளையின் பஸ் கட்டணத்தைத் தம் சட்டைப் பையிலிருந்து கொடுக்கும் ஆசிரியர் இம்மலைநாட்டிலும் உளர்; அவர்கள் இச்செய்தியின் அருமையை உணர்வர். 1960 இல் ரோமாபுரி ஒலிம்பிக்கில், அவ்வாண்டு மூன்றாமிடம் பெற்ற வலிய ஹங்கேரிக்கெதிராக இந்தியாவின் கோலை அடித்தவர் இப்பலராமே. அவ்வாட்டத்தில் ஹங்கேரி 2-1 என்றே வெல்ல முடிந்தது. அடுத்த ஆட்டத்தில் இந்தியா பிரான்சுடன் 1-1 எனச் சமநிலை கண்டது.

மற்றவர் பீட்டர் தங்கராஜ். தமிழ் வழியினராகிய அவர் 1935 இல் ஹைதராபாத்தில் பிறந்தார். இராணுவத்திற் சேர்ந்து சென்னைப் படைப்பிரிவு மையத்தின் அணிக்காக ஆடினார். அம்மையம் நீலகிரியின் வெல்லிங்டனில் உள்ளது. அதனைச் சூழ்ந்திருப்பனவும் தேயிலை மலைகளே. 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்பின் இங்கிருந்து கப்பலேறிச் சென்ற நம் உறவினர் பலர் குடியேறியதும் அந்நீலகிரியிலேதான். தங்கராஜ் தொடக்கத்தில் முன்னணி வீரராகவே ஆடியவர். பின்னரே பந்துக்காப்பாளராக மாறினார். முன்னின்று பின்சென்றமை அவருக்கு இழிவாகவில்லை. ஆசியாவின் தலைசிறந்த காப்பாளருள் ஒருவர் என அவர் போற்றப்பெற்றது அவ்விடத்திலேதான்.

ரோமாபுரி சென்ற குழுவில் ரஹிமின் மைந்தர் ஹக்கீமும் இடம்பெற்றிருந்தார். ஆயின், களமிறங்கி ஆடும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. பயிற்றுநர் தந்தையாயிருந்தும் மைந்தர் வெளியே அமர்ந்திருந்தார் என்னும் இச்செய்திக்கு விளக்கம் வேண்டுவதில்லை.

ஜகார்த்தா

1962 ஆம் ஆண்டு. ரஹிமின் உடலைப் புற்றுநோய் பற்றியிருந்தது. அந்நிலையிலும் அவர் இந்திய அணியை அழைத்துக்கொண்டு ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்குச் சென்றார். முதல் ஆட்டத்திலேயே தென்கொரியா இந்தியாவை 2-0 என வென்றது. அடுத்து தாய்லாந்தை 4-1 என இந்தியா வென்றபோதிலும், அவ்வாட்டத்தில் நடுக் காவலர் ஜர்னைல் சிங் தலையில் அடிபட்டார். அவருக்கு ஆறு தையல்கள் இடவேண்டியதாயிற்று. ஜப்பானை 2-0 என வென்று அரையிறுதிக்குச் சென்றபோது, காவலர் தலைவனின் தலையிலே கட்டு இருந்தது.

அடிபட்ட காவலரை ஓய்விருக்கச் செய்வதே எவரும் எடுக்கும் முடிவு. ரஹிம் எடுத்த முடிவு வேறு. அவர் ஜர்னைல் சிங்கைப் பின்களத்தினின்று எடுத்து முன்னணியில் நிறுத்தினார். கல்லூரி நாட்களில் முன்னணியிலும் ஆடியவர் ஜர்னைல் என்பதையும், எதிரணிக் காவலர் எங்கே தடுமாறுவர் என்பதை ஒரு காவலனே நன்கறிவான் என்பதையும் அவர் எண்ணியிருத்தல் வேண்டும். அதனினும் பெரியது ஒன்றுண்டு. ஜர்னைல் நீங்கியபின்னும் அருண் கோஷ் முதலியோர் பின்களத்தைக் காப்பர் என்னும் உறுதி அவருக்கு இருந்தது. ஒருவனை நம்பிய மதில் அன்று அது. பல்லாண்டுப் பயிற்சியால் எழுப்பிய மதில். அரையிறுதியில் இந்தியா தென்வியட்நாமை 3-2 என வென்றது. ஜர்னைலும் ஒரு கோல் அடித்தார்.

இறுதியாட்டம் செப்டெம்பர் 4 ஆம் நாள். எதிரணி, முதல் ஆட்டத்தில் தம்மை வென்ற தென்கொரியாவே. அரங்கில் ஏறத்தாழ நூறாயிரம் பேர் கூடியிருந்தனர் என்பர். அவர்கள் இந்தியாவுக்கெதிராக முழங்கினர். இஸ்ரேலையும் தைவானையும் அப்போட்டிகளுக்கு அனுமதியாமையை இந்தியப் பிரதிநிதியாகிய சோந்தி கண்டித்திருந்தமையே அச்சினத்திற்குக் காரணம். அவ்வாரவாரத்தினிடையே பாகிஸ்தான் ஹொக்கி வீரர்கள் சிலர் இந்திய அணியை ஊக்குவித்தனர் என்பதை ஆட்டக்காரர் பின்னாளில் நன்றியுடன் நினைவுகூர்ந்தனர்.

ஆட்டத்திற்கு முன் ரஹிம் தம் வீரர்களிடம் தமக்கு ஒரு பரிசு வேண்டும் என்றும், அது பொற்பதக்கமே என்றும் கேட்டுக்கொண்டார் எனக் கூறுவர். அவர் நோயுற்றிருந்ததை அறிந்தவர்க்கு அவ்வேண்டுகோள் எவ்வாறு இருந்திருக்கும் என்பதை வாசகர் உணர்வர். கோல் கம்பங்களிடையே நின்றவர் காய்ச்சலினின்று அண்மையில் மீண்டிருந்த பீட்டர் தங்கராஜ். தொடங்கிய இருபது நிமிடத்திற்குள் இந்தியா இரு கோல்கள் அடித்தது. முதலாவதை அடித்தவர் பி. கே. பானர்ஜி, இரண்டாவதை அடித்தவர் தலையிற் கட்டுடன் நின்ற ஜர்னைல் சிங். அதன்பின் எஞ்சிய ஏழுபது நிமிடமும் நொச்சிப் போரே. கொரியர் அலையலையாக வந்தனர். ஆட்டம் முடியும் தறுவாயில் ஒரு கோலே அவர்களுக்குக் கிட்டியது. 2-1 என இந்தியா வென்றது. அன்றுபெற்ற பொன்னுக்குப்பின் இதுவரை ஆசிய விளையாட்டு உதைபந்தாட்டத்தில் இந்தியா பொன் பெற்றதில்லை. அணித்தலைவர் சுனி கோஸ்வாமி மேடையேறினார். மெலிந்த உடலினராய் வெளியே நின்ற பயிற்றுநரின் பெயர் கோல் பட்டியலில் இல்லை.

மறைவும் நினைவும்

ஒன்பது திங்கள் கழிந்தபின், 1963 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 11 ஆம் நாள், ரஹிம் இயற்கை எய்தினார். அப்போது அவருக்கு அகவை 53. தேசிய அணியோடு பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் உழைத்த அவரை, அவர் நகரும் அவரிடம் பயின்றோரும் மறவாது போற்றினர்; நாடோ நெடுங்காலம் மறந்தே இருந்தது. 2024 ஆம் ஆண்டு அவர் வாழ்வைத் தழுவி மைதான் என்னும் இந்தித் திரைப்படம் வெளிவந்தபின்னரே இளந்தலைமுறையினர் பலர் அப்பெயரைக் கேள்வியுற்றனர். அவரிடம் பயின்ற தங்கராஜ் 2008 இலும், பானர்ஜியும் கோஸ்வாமியும் 2020 இலும், பலராம் 2023 இலும் மறைந்தனர்.

கோல் அடித்தவனை ஊர் அறியும். பத்துக் கோல் விழாது தடுத்தவனை உடன் ஆடினோர் மட்டுமே அறிவர். அவனுக்குத் தடுக்கக் கற்பித்தவனை அவன் ஒருவனே அறிவான். ஆசிரியத் தொழில் இம்மூன்றாம் இடத்திலே உள்ளது. மலைநாட்டில் ஒரு பிள்ளை பாடசாலையை விட்டு இடையில் நின்றுவிடாதபடி தடுத்து நிறுத்திய ஆசிரியரின் பெயர் எந்தப் பெறுபேற்றுப் பட்டியலிலும் இடம்பெறாது. அப்பிள்ளை பல்கலைக்கழகம் புகுந்தால் அது கோலாக எண்ணப்படும். அவன் பத்தாம் வகுப்பில் கொழும்புக் கடைக்குப் போய்விடாமல் காக்கப்பட்டது எங்கும் எழுதப்படுவதில்லை. ரஹிமின் வரலாறு நமக்கு உரியதாவது இதனாலேதான்.

இவ்வரலாற்றைச் சென்ற திங்கள் என் வகுப்பில் கூறினேன். வழங்காத காலுக்கான போட்டி ஒன்றையும் நடத்தினோம். பலமுறை பந்து பள்ளத்திற்குப் போயிற்று. சிரிப்பொலி அடங்க நெடுநேரமாயிற்று. முன்னர்க் குறித்த அம்மாணவன் மறுநாள் என்னிடம் வந்தான். பின்னே நிற்கத் தான் உடன்படுவதாகவும், ஆயின் இறுதியாட்டம் வரும்பொழுது ஜர்னைல் சிங்கைப் போல் தன்னையும் முன்னே அனுப்பவேண்டும் எனவும் நிபந்தனை விதித்தான். யான் அதற்கு இசைந்தேன். முதலில் இறுதியாட்டம் வரை செல்லும் அளவுக்கு மதிலைக் காக்கவேண்டும் என்பதை அவனுக்கு நினைவூட்டினேன். இப்பொழுது அவன் நாள்தோறும் இடக்காலால் பாடசாலைச் சுவரில் பந்தை உதைத்துக்கொண்டிருக்கிறான்.